கணினி எத்தனை, கை எத்தனை

பேரையூர் வட்டத்தில் ஒரு ஏக்கர் கரிசல் காடு கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரம் பதிவுத்துறையின் ஏட்டில் ஏறுகிறது. பட்டா மாறுதல் வருவாய்த்துறையின் ஏட்டில் ஏறுகிறது. அந்தக் காட்டின் பேரில் கடன் இருந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ ஒரு கணக்கு இருக்கும். பாகப் பிரச்சினை இருந்தால் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எண் இருக்கும். நான்கு ஏடும் ஒரே சேதியைச் சொல்லும் வரையில்தான் வாங்கியவருக்கு உறக்கம் வரும். ஒன்று மாறிச் சொன்னால் போதும், வில்லங்கச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதுதான். ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுக்கும் மோசடி நம் ஊர்களுக்குப் பழையது. பிளாக்செயின் படிக்க வருகிறவர்கள் முதல் பாடமாகக் கற்கும் ‘இரட்டைச் செலவு’ என்பதும் இதே மோசடிதான்: ஒரே நாணயத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, எது முந்தியது என்ற குழப்பத்துக்குள் ஒளிந்துகொள்வது. சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008இல் வெளிவந்த பிட்காயின் கட்டுரை தீர்க்கப் புகுந்தது இந்த ஒன்றைத்தான்.

நிலப் பதிவையும், பல கணினிகள் ஒரே ஏட்டைச் சேர்ந்து காக்கும் பிளாக்செயின் சங்கிலியில் ஏற்றலாம் என்ற பேச்சு இப்போது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பீகார் பதிவு விதிகள் பற்றிய வழக்கில் 2025 நவம்பரில் தீர்ப்பளித்த நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, ஜாய்மால்யா பாக்சி அமர்வு, சொத்துப் பதிவில் பிளாக்செயினைப் பயன்படுத்துவது பற்றி ஆராயுமாறு சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாடு 2020லேயே பிளாக்செயின் கொள்கையை வெளியிட்ட மாநிலம். அரசுத் துறைகளுக்குப் பொதுவான கட்டமைப்பை ‘நம்பிக்கை இணையம்’ என்ற அழகான பெயரில் அமைத்தும் வருகிறது. பேரையூர்க்காரரின் பட்டாவும் ஒருநாள் இதில் ஏறும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அந்த நாளுக்கு முன்பாக, பிளாக்செயின் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் வாதிட விரும்புகிறேன். வஞ்சகர்களை எதிர்த்து ஒரு பிளாக்செயின் தாங்கி நிற்பதற்குக் காரணம் அதிலுள்ள கணினிகளின் எண்ணிக்கை என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கணினிகளை இயக்கும் தனித்தனிக் கைகளின் எண்ணிக்கைதான் காரணம். இந்த வேறுபாட்டைத் தவறவிட்ட இடங்களில் எல்லாம் பணம் போயிருக்கிறது.

கணினியில் வரும் பழுது இரண்டு வகை. நின்றுபோவது ஒன்று: மின்சாரம் போகிறது, வட்டு பழுதாகிறது, இணைப்பு அறுகிறது. ஓடிக்கொண்டே பொய் சொல்வது மற்றது. முதல் வகையைச் சமாளிப்பது எளிது. மூன்று கணினி வைத்து, அதில் இரண்டு எழுந்து நின்றால் வேலை நடக்கும். இரண்டாவது வகைதான் கொடியது. பொய் சொல்லும் கணினி எல்லோரிடமும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. இவனிடம் ஒரு பேச்சு, அவனிடம் ஒரு பேச்சு என்று இரட்டை நாக்கோடு பேசி, நல்ல கணினிகளுக்குள்ளேயே சண்டை மூட்டிவிடும். இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் நாணயக்காரர்கள் அல்லர், விமானக்காரர்கள். அமெரிக்காவின் நாசா நிதியில், கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிலையம் விமானத்தை இயக்கும் கணினி ஒன்றை 1970களின் பிற்பகுதியில் வடிவமைத்தபோது, பழுதான ஒரு பாகம் இரண்டு கணினிகளுக்கு இரண்டு வேறு எண்களை அனுப்பினால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் மூவரும் 1980இல் விடை கண்டார்கள். 1982இல் அதையே ஒரு நகரத்தை முற்றுகையிட்ட பைசாண்டியத் தளபதிகளின் கதையாக எழுதினார்கள். தளபதிகளில் சிலர் துரோகிகள். அதிலிருந்துதான் ‘பைசாண்டைன் பழுது’ என்ற பெயர் நிலைத்தது. விமானத்தில் வஞ்சகர் யாரும் இல்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பழுதுக்கும் துரோகத்துக்கும் கணிதம் வேறுபாடு பார்ப்பதில்லை. எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது.

அவர்கள் கண்ட விடை இது: ஒரு பொய்யரைத் தாங்க மூன்று பேர் போதாது, நான்கு பேர் வேண்டும். இரண்டு பொய்யருக்கு ஏழு, மூன்றுக்குப் பத்து. ஏன் நான்கு என்பதைப் பேரையூர் வட்டத்திலேயே வைத்துப் பார்க்கலாம். நான்கு இடங்களில் நான்கு ஏடுகள் இருக்கின்றன. நான்கும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். சாப்டூர்ப் பக்கம் மழை பிடித்து இணைப்பு அறுந்து, ஒரு ஏட்டிலிருந்து பதிலே வரவில்லை. வராத பதில் மழையாலா, வஞ்சத்தாலா? வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. நான்காவது பதிலுக்காகக் காத்திருப்பதும் ஆகாது. அது வஞ்சகராக இருந்தால் காலமெல்லாம் காத்திருக்க வைப்பார். ஆக, வந்த மூன்று பதில்களை வைத்தே முடிவெடுக்க வேண்டும். ஆனால் வராதவர் மழையில் மாட்டிக்கொண்ட நல்லவராகவும், முந்திக்கொண்டு பதில் சொன்ன மூவரில் ஒருவர் வஞ்சகராகவும் இருக்கலாம். அப்போதும் மீதம் இரண்டு நல்லவர்கள். ஒருவரின் பொய்யை இருவரின் மெய் வெல்லும். இதையே மூன்று ஏட்டில் செய்து பாருங்கள். ஒன்றுக்குக் காத்திருக்காமல் இரண்டை வைத்து முடிவெடுக்க வேண்டிவரும். அந்த இரண்டில் ஒன்று பொய் சொன்னால் யாரை நம்புவது?

மின் கையொப்பம் இருக்கும்போது இந்தக் கட்டுப்பாடு எதற்கு என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். செய்தி குறித்த நேரத்துக்குள் வந்தே தீரும் என்று உறுதி இருக்கும் இடத்தில் கையொப்பம் இந்தக் கணக்கைத் தளர்த்தும்; அந்த முதல் கட்டுரைகளே அதைச் சொல்கின்றன. ஆனால் நேரத்துக்கு உறுதி சொல்ல முடியாத வலையில், கையொப்பம் இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவான வஞ்சகரைத்தான் தாங்க முடியும் என்று சிந்தியா டுவொர்க், நான்சி லிஞ்ச், லாரி ஸ்டாக்மேயர் மூவரும் 1988இல் நிறுவினார்கள். நம் ஊர் இணைய வேகத்தை அறிந்தவர்களுக்கு இரண்டாவது நிலைமையே உண்மை என்று தெரியும்.

இந்தக் கணக்கை ஓடும் நிரலாக்கியவர்கள் எம்.ஐ.டி.யின் மிகேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும். 1999இல் அவர்கள் வெளியிட்ட பி.பி.எஃப்.டி. முறையின் உயிர்நாடியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: நான்கு பேரில் எந்த மூவரைக் கூட்டினாலும், வேறு எந்த மூவரோடும் அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது இருவர் பொதுவாக இருப்பர். வஞ்சகர் ஒருவரே என்றால், பொதுவான இருவரில் ஒருவராவது நல்லவர். நல்லவர் இரண்டு முரணான தாள்களில் கையெழுத்துப் போட மாட்டார். ஆகவே ஒரே காட்டை முத்துவுக்கும் எழுதி, மாரிக்கும் எழுதி, இரண்டு பத்திரத்துக்கும் மும்மூன்று கையெழுத்து வாங்குவது நடவாது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த வாதம் இது. யார் நல்லவர் என்று தெரிய வேண்டியதில்லை. எங்கோ ஒரு நல்லவர் இரண்டு கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார் என்ற ஒன்றே போதும். இப்போது ஓடும் சங்கிலிகள் பலவற்றின் முடிவெடுக்கும் முறைகளுக்கு, டெண்டர்மின்ட் முதல் ஹாட்ஸ்டஃப் வரை, இதுவே அடித்தளம்.

ஆனால் அந்த நல்லவர் இருக்கிறார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கணிதம் ‘நான்கில் ஒருவருக்கு மேல் கெடமாட்டார்’ என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அந்த வைத்துக்கொள்ளலை நிறைவேற்றும் பொறுப்பு நிரலுக்கு இல்லை, அமைப்பைக் கட்டுகிறவருக்கு இருக்கிறது. ஒருவர் கெட்டால் அவரோடு சேர்ந்து மற்றவரும் கெடாத வகையில் நால்வரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை நம் முன்னோர் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என் கண்ணில் அதைவிட முக்கியமாகப் படுவது தகுதியிழப்பு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது; அவர் மட்டுமா? அவருடைய தாயின் சகோதரி மக்கள், தந்தையின் சகோதரி மக்கள், தாய்மாமன், மாமனார் என்று உறவின் பட்டியல் நீண்டு, அவர்களும் நிற்க முடியாது. ஒருவர் கெட்டால் அவரோடு சேர்ந்து அசையக்கூடியவர்கள் யார் யார் என்று சபை கணக்கெடுத்திருக்கிறது. தொழிலில் இதற்கு ‘ஒன்றோடொன்று பிணைந்த பழுது’ என்று பெயர். ஓலையைக் குடத்திலிருந்து எடுக்க விவரம் அறியாத சிறுவனை நிறுத்தியதும், கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரை ஒதுக்கியதும் இதே கவலையிலிருந்து வந்தவை. அந்தச் சபை நிலமுள்ள ஒரே சாதியாரின் சபை என்பதை மறைக்க வேண்டியதில்லை; அந்த எல்லைக்குள்ளும் அவர்கள் ஒருவரை ஒருவர் நம்பிவிடவில்லை என்பதே இங்கே பாடம்.

பாண்டிய நாட்டுக்கு வந்தால் திருநெல்வேலிப் பக்கத்து மானூர்க் கல்வெட்டு இன்னும் ஒரு நூற்றாண்டு முந்தியது, மாறஞ்சடையன் காலம். சபையில் எந்த முன்மொழிவு வந்தாலும் ‘அன்று அன்று’ என்று மறுத்துக் காரியத்தை முடக்குகிறவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்று அது விதிக்கிறது. பொய் சொல்கிறவரைப் போலவே முடக்குகிறவரும் வஞ்சகர்தான் என்று அந்தச் சபை கண்டுகொண்டது. ஒரு சங்கிலியில் தவறான முடிவு ஏறாமல் காப்பது ஒரு வேலை. சரியான முடிவு ஏறாமல் நின்றுவிடாமல் காப்பது இன்னொரு வேலை. முதலாவதை மட்டும் கவனித்து இரண்டாவதைக் கோட்டைவிடுவது எங்கள் துறையில் இன்றும் நடக்கிறது. ஈத்தரியம் சங்கிலியில் சரிபார்ப்பவராகச் சேரக் குறைந்தபட்சம் 32 ஈத்தர் பணயம் வைக்க வேண்டும். முரணான இரண்டு தாளில் கையொப்பமிட்டவரின் பணயம் வெட்டப்படும், முடிவெடுக்க வராமல் இருப்பவரின் பணயமும் சிறுகச் சிறுகக் கரையும். ஐந்து காசுத் தண்டத்தின் வம்சம்தான் அது.

கைகளை எண்ணாமல் கணினிகளை எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு ரோனின் பாலத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. ஒரு சங்கிலியிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தைக் கடத்த, ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட அந்தப் பாலத்தில் ஒன்பது சரிபார்ப்பாளர்கள்; ஐவர் கையொப்பமிட்டால் பணம் வெளியே போகும். காகிதத்தில் பார்த்தால் ஐந்து இடங்களை உடைத்தால்தான் களவு நடக்கும். 2022 மார்ச் 23 அன்று 1,73,600 ஈத்தரும் 2 கோடியே 55 லட்சம் யு.எஸ்.டி.சி. நாணயமும் போயின, அன்றைய மதிப்பில் 60 கோடி டாலருக்கு மேல். போனது தெரியவந்ததே ஆறு நாள் கழித்துத்தான். கையொப்பமிடும் ஒன்பது சாவிகளில் நான்கு ஸ்கை மேவிஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தன. ஐந்தாவது சாவி வேறொரு அமைப்பினுடையது. ஆனால் முந்தைய ஆண்டு வேலைப் பளுவைக் குறைப்பதற்காக, தங்கள் சார்பில் கையொப்பமிட அந்த அமைப்பு இதே நிறுவனத்துக்கு அனுமதி தந்திருந்தது. தேவை முடிந்தபிறகு அனுமதியை யாரும் திரும்பப் பெறவில்லை. ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்த திருடருக்கு ஐந்து சாவியும் ஒரே கொத்தில் கிடைத்தன. ஒன்பது கணினி இருந்தன. முடிவெடுக்கத் தேவையான ஐந்தும் ஒரே கையில் இருந்தன.

நம் நாட்டுச் சான்று இன்னும் நுட்பமானது. வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ நாணயப் பரிமாற்றகத்தின் பணப்பை ஒன்றிலிருந்து 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் களவு போனது. அந்தப் பணப்பைக்கு ஆறு கையெழுத்தாளர்கள். நால்வர் ஒப்ப வேண்டும். ஐவர் பரிமாற்றகத்தைச் சேர்ந்தவர்கள், ஆறாமவர் பணப்பையைப் பேணும் லிமினல் நிறுவனம். கையெழுத்துப் போட்டவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, உண்மையில் கையொப்பமிட்டது வேறொன்று என்று பரிமாற்றகம் சொன்னது. பழுது யார் பக்கம் என்பதில் இரு நிறுவனங்களும் மாறுபட்டன. அதற்குள் போக எனக்கு அவசியமில்லை. வெவ்வேறு மனிதர்கள், வெவ்வேறு சாவிகள் இருந்தும், திரையில் தெரிந்ததை எல்லோரும் ஒன்றுபோல நம்பினார்கள் என்பதே என் வாதத்துக்குப் போதும். மூன்று பேருக்கு ஒரே கண்ணாடியை மாட்டிவிட்டு மூன்று சாட்சி என்று எண்ணக் கூடாது. 2025 பிப்ரவரியில் பைபிட் பரிமாற்றகம் ஏறத்தாழ 150 கோடி டாலரை இழந்ததும் இதே வழியில்: பலர் கையொப்பமிட வேண்டிய பணப்பை, ஆனால் அவர்கள் எல்லோரும் பார்த்த இடைமுகம் திருடர் கைக்குப் போயிருந்தது. வசீர்எக்ஸில் மாட்டிக்கொண்ட ஒரு முதலீட்டாளரின் வழக்கில்தான் கிரிப்டோ நாணயம் சட்டப்படி சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. இழந்தவர்களில் நம் பக்கத்து மக்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்து இதை வெறும் தொழில்நுட்பப் பேச்சாகப் பேச எனக்கு மனமில்லை.

வஞ்சகரே இல்லாமலும் கைகள் ஒன்றாகிவிடும். ஈத்தரியத்தில் சரிபார்ப்பாளர்கள் லட்சக்கணக்கில் உண்டு. ஆனாலும் 2023 மே 11, 12 ஆகிய இரு நாள்களும் முடிவுகள் உறுதியாவது சிறிது நேரம் நின்றது. அவர்களில் பெரும்பகுதியினர் ஓட்டிய பிரிஸம், டெக்கு என்ற இரண்டு மென்பொருள்கள் ஒரே மாதிரிச் சூழலில் திணறியதே காரணம். வேறு மென்பொருள் ஓட்டியவர்கள் தாங்கிப் பிடித்ததால் சங்கிலி தானே எழுந்துகொண்டது. ஒரே நிரலை ஓட்டும் லட்சம் கணினிகளும் அந்த நிரலின் பிழைக்கு முன்னால் ஒரே கணினிதான்.

இனி அரசுச் சங்கிலிகளுக்கு வருகிறேன். நிறுவனங்களும் அரசுகளும் பரவலாக எடுத்தாளும் மென்பொருள் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக். அதில் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் பகுதி 2019 முதல் ராஃப்ட் என்ற முறையில் ஓடிவந்தது. ராஃப்ட் நின்றுபோகும் கணினியைத் தாங்கும். பொய் சொல்லும் கணினியைத் தாங்காது. அப்படித் தாங்கும் என்று அதை உருவாக்கியவர்களும் சொன்னதில்லை. வஞ்சகரைத் தாங்கும் வரிசைப்படுத்தல் ஃபேப்ரிக்கில் 3.0 பதிப்போடுதான், 2024 செப்டம்பரில் வந்தது. ஆக, ‘பிளாக்செயின்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து வஞ்சகர் பயம் தீர்ந்தது என்று முடிவு கட்ட முடியாது. மத்திய அரசு 2024 செப்டம்பரில் தொடங்கிய ‘விஸ்வஸ்யா’ பிளாக்செயின் சேவை, தேசியத் தகவலியல் மையத்தின் புவனேஸ்வர், புனே, ஐதராபாத் தரவு மையங்களில் பரவியிருக்கிறது. இது நல்ல காரியம். ஒடிசாவில் புயல் அடித்தாலும் புனேயில் ஏடு பிழைக்கும். ஆனால் மூன்று ஊரிலும் உரிமையாளர் ஒருவரே. புயலைப் பொறுத்தவரை அவை மூன்று. உரிமையாளரைப் பொறுத்தவரை ஒன்று. தூரம் தனித்தன்மை ஆகிவிடாது.

அரசையே நம்பாவிட்டால் யாரை நம்புவது என்ற மறுப்பு இங்கே எழும். பட்டா கொடுப்பதே அரசு. அந்த அரசை வஞ்சகராகக் கருதிக் கணக்குப் போடுவது அவமரியாதை என்றுகூட நினைக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பைசாண்டைன் கணக்கு யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. ஓர் அலுவலரின் கடவுச்சொல் களவு போயிருக்கலாம். ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் மடிக்கணினியில் தீநிரல் புகுந்திருக்கலாம். ரோனினில் நடந்தது அதுதானே. இரண்டு துறைகளின் கணினியும் ஒரே தரவு மையத்தில் ஒரே நிர்வாகியின் அதிகாரத்துக்குக் கீழே இருக்குமானால், அந்த ஒரு கடவுச்சொல் போன அன்று இரண்டு துறையும் சேர்ந்தே பொய் சொல்லும். நேர்மையான அலுவலருக்கும் இந்தக் கணக்குதான் காப்பு. ஏட்டைத் திருத்த அவர் ஒருவரால் முடியாது என்பது ஊரறிந்த உண்மையாக இருந்தால், திருத்தச் சொல்லி அவரை யாரும் நெருக்க மாட்டார்கள். உரிமையாளர் உண்மையிலேயே ஒருவர்தான் என்றால், அங்கே பிளாக்செயின் தேவையே இல்லை. நல்ல தரவுத்தளமும், வெளியார் தணிக்கையும், நாள்தோறும் ஏட்டின் ஹேஷை (ஏட்டில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சுருக்க எண்ணை) வெளியே அறிவிப்பதும் குறைந்த செலவில் அதே பலனைத் தரும். சங்கிலி விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

அப்படியானால் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் காக்கும் பொதுச் சங்கிலியிலேயே ஏற்றிவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. பிட்காயினின் சாதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. யார் என்று தெரியாதவர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தால் ஒருவனே ஆயிரம் பெயரில் வருவான். அதைத் தடுக்க ஓட்டுக்கு மின்சாரச் செலவை விலையாக வைத்தது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அங்கும் கைகள் குவிகின்றன. 2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற ஒரே சுரங்கக் கூட்டு (கணிப்புத் திறனைச் சேர்த்து இயக்குவோர் குழு) பிட்காயினின் கணிப்புத் திறனில் பாதியை நெருங்கியது. அதற்குள், பாதிக்கும் குறைவான திறன் வைத்திருப்பவரே நியாயத்தை மீறி ஆதாயம் பார்க்க முடியும் என்று இட்டாய் எயால், எமின் குன் சிரர் இருவரும் காட்டியிருந்தார்கள். ஈத்தரியம் கிளாசிக் என்ற சிறிய சங்கிலியில் 2019 ஜனவரியிலும், 2020 ஆகஸ்டில் மூன்று முறையும், வாடகைக்குக்கூடக் கிடைக்கும் கணிப்புத் திறனால் ஏறிய வரலாறே மாற்றி எழுதப்பட்டது. சிறிய பொதுச் சங்கிலியில் பட்டாவை ஏற்றுவது ஆபத்து. பெரிய சங்கிலியில் முழு ஏட்டை ஏற்றுவது செலவு. அடுத்தவர் சொத்து விவரத்தை உலகுக்குக் காட்டுவது வேறு சிக்கல். ஏட்டின் ஹேஷை மட்டும் அங்கே பதித்து வைப்பது நியாயமான நடுவழி. அது பின்னாளில் திருத்தியதைக் காட்டிக் கொடுக்கும். திருத்தாமல் தடுக்காது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது, அதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆள்மாறாட்டம் செய்து கையெழுத்துப் போட்ட பத்திரத்தை நான்கு நேர்மையான கணினிகள் ஒருமித்து ஏற்றுக்கொண்டால், பொய் நிலைத்த பொய்யாகிவிடும் என்கிறார்கள். உண்மை. இதற்கு நம் ஒவ்வொருவரின் கைபேசியிலும் சான்று இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்களின் பெயர்த் தலைப்புகளும் செய்தி வார்ப்புகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் ஏட்டுச் சங்கிலியில் பதிவாகின்றன. ஒருவரோடு ஒருவர் போட்டியிடும் நிறுவனங்கள் என்பதால் கைகள் அங்கே உண்மையிலேயே தனித்தனி. ஆனாலும் பதிவான தலைப்புகளையே மோசடிக்காரர்கள் பயன்படுத்தினார்கள். 2023 பிப்ரவரியில் எல்லாத் தலைப்புகளையும் வார்ப்புகளையும் மறுபடி சரிபார்க்க ஆணையம் உத்தரவிட வேண்டியதாயிற்று. வாசலில் நுழையும் பொய்யைச் சங்கிலி தடுக்காது. நிலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, பதிவான பத்திரம் பதிவான நாளிலிருந்து செயல்படுவதில்லை. எழுதிக் கொடுத்த நாளிலிருந்து செயல்படும். பதிவுக்குத் தாக்கல் செய்யப் பொதுவாக நான்கு மாத அவகாசமும் உண்டு. அதாவது சங்கிலி சொல்லும் முன்பின் வேறு, சட்டம் சொல்லும் முன்பின் வேறு. நேற்று ஏறிய பத்திரத்தை, நாளை ஏறப்போகும் ஆனால் முந்தி எழுதப்பட்ட பத்திரம் வென்றுவிடக் கூடும். இந்தச் சட்டத்தைத் திருத்தாமல் எந்தச் சங்கிலியாலும் இரட்டை விற்பனைக்கு முழுத் தீர்வு தர முடியாது. ஆனால் மறுப்பின் மறுபாதியை நான் ஏற்கவில்லை. வாசலில் பொய் நுழையலாம் என்பதற்காக, வீட்டுக்குள் இருக்கும் மெய்யை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விட்டுவிடுவதா? நுழைந்த பொய்யை நீதிமன்றம் கண்டுபிடிக்க வேண்டுமானால், எது எப்போது யார் கையொப்பத்தோடு ஏறியது என்ற வரிசை கலையாமல் இருக்க வேண்டும். அந்த வரிசையைக் காப்பதுதான் எங்கள் வேலை. அதற்கு மேல் வாக்களிப்பது பொய்.

செலவு பற்றிய மறுப்பைச் சுருக்கமாக முடிக்கலாம். எல்லோரும் எல்லோரிடமும் பேசும் முறை நூறு கணினிகளில் பதினாயிரம் செய்தியாகப் பெருகும், உண்மைதான். நான்கிலோ ஏழிலோ அது ஒரு பொருட்டே இல்லை. காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் தங்கள் முறையில் கட்டிய கோப்புச் சேவை, பிரதிகளே இல்லாத வழக்கமான சேவையைவிட 3 விழுக்காடுதான் மெதுவாக ஓடியது என்று 1999லேயே அளந்து காட்டினார்கள். ஒரு வட்டத்தில் ஒரு நாளில் நடக்கும் கிரயங்கள் எத்தனை? சாதாரணக் கணினிகளே தாராளம்.

கடினமான செலவு வேறு: நான்கு தனிக் கைகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் தன் சாவியைத் தானே காக்கச் செய்வது. நிலப் பதிவுக்கு அந்தக் கைகள் நம்மிடம் இருக்கின்றன என்றே நினைக்கிறேன். பதிவுத்துறையும் வருவாய்த்துறையும் மாநில அரசின் கைகள். இரண்டையும் சேர்த்து ஒன்று என்று எண்ணுவதே பாதுகாப்பு. நீதித்துறை தனிக் கை. கடன் கொடுத்து நிலத்தை ஈடாக வைத்திருக்கும் வங்கிகள் தனிக் கை. ஏடு கெட்டால் தங்கள் பணமும் கெடும் என்பதால் கவனமாக இருப்பார்கள். மத்தியத் தணிக்கைத்துறையோ ஒரு பல்கலைக்கழகமோ நான்காவது கை. ஒவ்வொருவர் கணினியும் அவரவர் கட்டடத்தில், அவரவர் ஊழியர் பொறுப்பில், முடிந்தால் வெவ்வேறு மென்பொருளில் ஓட வேண்டும். ஒருவர் சார்பில் இன்னொருவர் கையொப்பமிடும் அனுமதி ஒரு நாளுக்குக்கூடக் கூடாது. பேரையூருக்குப் பக்கத்து டி. கல்லுப்பட்டியில் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1960இல் மறைந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா, தணிக்கையாளராகப் பயின்று தொழில் தொடங்கியவர். கணக்கு அறிந்த அந்த மனிதர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய பரவலாக்கம், பொருளை ஊர் ஊராகக் கொண்டுபோய் வைப்பதோடு நின்றதில்லை. அதை ஆளும் உரிமையும் ஊர்க்காரர் கைக்குப் போக வேண்டும் என்பது.

ஆகவே, தமிழ்நாட்டின் நிலப் பதிவுச் சங்கிலிக்கு ஒப்பந்தப்புள்ளி எழுதப்போகிறவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை கணு (சங்கிலியின் கணினி), எந்த ஊர் என்ற பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேருங்கள்: அந்தக் கணுவின் சாவி யாரிடம், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தப் பத்தியை மக்கள் பார்க்க வெளியிடுங்கள். வஞ்சகரைத் தாங்கும் மென்பொருள் விலையில்லாமல் கிடைக்கிறது. நான்கு உடைமையாளர்கள் நான்கு கணினியோடு முன்வந்தால் பேரையூர் வட்டத்திலிருந்தே தொடங்கலாம்.